பாதந்தாங்கிகள்

2002ஆம் ஆண்டு அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் எல்லோரும் வெளியேறி, கதவுகள் மூடப்பட்ட பிறகு, ஆதாம் கீழே விழுந்தார். துல்லியோ லொம்பார்தோ என்ற வெனிஸ் நகரத்துச் சிற்பி 1490களின் தொடக்கத்தில் செய்த பளிங்குச் சிலை அது. ஆறடிக்கும் சற்று அதிகமான உயரம், சுமார் 350 கிலோ எடை. யாரும் தள்ளவில்லை. நிலநடுக்கம் இல்லை. சிலையில் விரிசலும் இருந்திருக்கவில்லை. அதை நிறுத்தி வைத்திருந்த பீடத்தின் பக்கப் பலகை மடங்கிவிட்டது. பீடம் ஒட்டுப்பலகையால் ஆனது, அதாவது நம் தச்சர்கள் அலமாரிக்குப் போடும் பிளைவுட்.

ஐந்நூறு ஆண்டுகள் தாங்கிய கல், ஒரு மரப்பெட்டியை நம்பியதால் 28 பெரிய துண்டுகளாகவும் நூற்றுக்கணக்கான சில்லுகளாகவும் ஆனது. கொலை நடந்த இடத்தைப் போல அந்தத் தரையை அப்படியே வைத்துக்கொண்டு, எந்தத் துண்டு எங்கே கிடந்தது என்று படமெடுத்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் பொறுக்கவே ஆரம்பித்தார்கள். சிலை திரும்ப நின்றது 2014 நவம்பரில். பன்னிரண்டு வருடம்.

இந்தச் செய்தியை நான் முதலில் கேட்டது பத்தரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில். அவரிடம் சொன்னேன். உளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "அந்தப் பெட்டிய செஞ்சவன் யாருன்னு சொன்னாங்களா?" சொல்லவில்லை. "சொல்லமாட்டாங்க தம்பி. நம்ம பேரு நின்னாலும் வராது, விழுந்தாலும் வராது."

எங்கள் வேலைக்குத் தமிழில் ஒரு சொல் கிடையாது. ஆங்கிலத்தில் மவுண்ட் என்கிறார்கள். பட்டறையில் சில நேரம் தாங்கி, சில நேரம் கொக்கி, அவசரத்தில் 'அந்தக் கம்பி' என்போம். கண்ணாடிப் பேழைக்குள் ஒரு சுடுமண் தலை காற்றில் மிதப்பதைப் போல நிற்கிறதே, அதன் பின்னால் பித்தளைக் கம்பி ஒன்று வளைந்து போய்க் கழுத்துக்குக் கீழே மூன்று விரல் நீட்டியிருக்கும். விரல்களுக்கு அந்த மண்ணின் நிறமே பூசியிருக்கும். பார்ப்பவர் கண்ணில் அது படக்கூடாது. பட்டால் வேலை சரியில்லை என்று அர்த்தம்.

பத்தர் முதலில் நகைப் பட்டறையில் இருந்தவர். ரெடிமேடு நகை வந்து தொழில் படுத்தபோது, தெரிந்தவர் மூலம் அருங்காட்சியக வேலைக்கு வந்து சேர்ந்தார். நான் வேதியியல் படித்துவிட்டு வந்தவன். யார் யாருக்குப் பாடம் எடுப்பது என்பதில் எனக்கு ஆரம்பத்தில் இருந்த எண்ணத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

முதல் மூன்று மாதம் எந்த அருங்காட்சியகப் பொருளையும் தொடவிடவில்லை. சந்தையில் வாங்கிய மண்சட்டி ஒன்றைக் கொடுத்தார். வாய் உடைந்து, அடி உருண்ட சட்டி. அதைச் சாய்வாக நிறுத்த வேண்டும், உள்பக்கம் தெரிய வேண்டும். நான் செய்த முதல் தாங்கி சட்டியின் விளிம்பை நான்கு இடத்தில் இறுக்கிப் பிடித்தது. குலுக்கிக் காட்டினேன், அசையவில்லை. பெருமையாக இருந்தது. அவர் ஒரு குச்சியால் பக்கத்தில் தட்டினார். கவ்வியிருந்த இடத்திலேயே விளிம்பு பிளந்தது.

"தம்பி, பிடிக்கக் கூடாது. தாங்கணும். ரெண்டும் வேற."

பளு முழுக்கக் கீழே இருக்கிற உறுதியான இடத்தில் உட்கார வேண்டும். மேலே வருகிற விரல்கள் சாயாமல் பார்த்துக்கொள்ள மட்டும்தான், அவை அழுத்தவே கூடாது. பொருளைத் துளையிடக் கூடாது. ஒட்டக் கூடாது. ஒருவர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடும்படி இருக்க வேண்டும், ஏனென்றால் தீப்பிடித்தால் எடுக்கப்போகிறவர் தாங்கி செய்தவர் அல்ல, இரவுக் காவலாளி. பித்தளைக் கம்பியை மங்கலான சிவப்பு வரும்வரை சுட்டுத் தண்ணீரில் போட்டால் இளகிவிடும். குறட்டால் வளைக்க வளைக்கத் திரும்ப விறைக்கும். பிறகு மறுபடி சுட வேண்டும். இணைப்புகளுக்கு வெங்காரம் தடவி வெள்ளிப் பொடி வைத்து ஊதுவது பத்தருக்குக் கை வந்த கலை. வெங்காரத்தின் மிச்சத்தைக் கழுவாமல் விட்டால் பித்தளையில் பச்சை பூக்கும், அது பொருளுக்கும் தாவும். அதனால் கழுவு, இன்னொரு முறை கழுவு. நெருப்பும் பொருளும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. அடுத்த அறையில், மெத்தை விரித்த மேசையில் பொருள் இருக்கும். நாம் கம்பியை எடுத்துக்கொண்டு நாற்பது முறை நடப்போம். இந்தப் பொருட்கள் பேழைக்குள் உடைவதைவிட, அளவு பார்க்கும்போது நம் கையில் உடைவதற்கான வாய்ப்பே அதிகம் என்று அவர் சொன்னதை நான் பிறகு பல ஊர் ஆட்களிடமும் கேட்டிருக்கிறேன்.

கல்லுக்கும் உலோகத்துக்கும் இடையே இருக்கும் பகை இந்த வேலையின் பழைய கதை. ஏதென்ஸின் பார்த்தனான் கோயிலைக் கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் கட்டியவர்கள் சுண்ணாம்புச் சாந்து எதுவும் வைக்கவில்லை. பளிங்குக் கட்டிகளை இழைத்துச் சேர்த்து, இரும்புப் பட்டைகளால் ஒன்றோடொன்று கோத்தார்கள். பட்டை உட்காரும் குழியில் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஈயம் இரும்பைச் சுற்றி மூடிக்கொண்டதால் ஈரம் போகவில்லை. அதிர்ச்சி வந்தால் ஈயம் கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும். அந்த இரும்புகளில் பல, இரண்டாயிரம் வருடம் கழித்து எடுத்துப் பார்த்தபோதும் நன்றாக இருந்தன.

1898இல் நிகோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் அக்ரோபோலிஸைச் சீரமைக்கும் பொறுப்புக்கு வந்தார். நாற்பது வருடம் போல வேலை செய்தார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அந்தக் காலத்தில் இரும்பு என்றால் நவீனம், ஈஃபில் கோபுரம் எழுந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. விழுந்து கிடந்த தூண்களை அவர் எடுத்து நிறுத்தினார். ஆனால் ஈயம் இல்லாமல் இரும்பை வைத்தார். சில கட்டிகளை அவை முதலில் இருந்த இடத்தில் வைக்காமல், பொருந்தின இடத்தில் வைத்துவிட்டார். துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கல்லுக்குள் அந்த இடம் ஏது? பளிங்கு உள்ளிருந்தே வெடித்தது. பலானோஸ் வருவதற்கு முன்பு எவ்வளவோ தாங்கிய கட்டிகளை அவருடைய மருந்தே பிளந்தது.

1975இல் கிரேக்க அரசு ஒரு குழுவை அமைத்தது. அன்றிலிருந்து நடந்துவரும் வேலையில் பெரும்பகுதி, பலானோஸின் இரும்பை எடுத்துவிட்டு டைட்டானியம் வைப்பதுதான். டைட்டானியம் துருப்பிடிக்காது, வெயிலில் விரிவதும் ஏறக்குறையப் பளிங்கின் அளவுதான். எனக்குப் பிடித்தது இன்னொரு விஷயம். அந்தப் பட்டைகளை வேண்டுமென்றே ஓர் அளவுக்கு மேல் பலமில்லாமல் செய்கிறார்கள். பெரிய நிலநடுக்கம் வந்தால் முதலில் இளகி நீள வேண்டியது பட்டை, கல் அல்ல. ஆதாமின் கணுக்காலிலும் முழங்காலிலும் நியூயார்க்கில் வைத்த ஊசிகளும் அதே கணக்குத்தான். எஃகு வைத்தால் அடுத்த முறை எஃகு நிற்கும், பளிங்கு போகும் என்று சோதனை செய்து பார்த்து, கண்ணாடியிழை ஊசிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பசையும் கரைத்து எடுக்கக்கூடிய அக்ரிலிக் வகை.

பத்தரிடம் இதைச் சொன்னபோது, "இதுக்கு இம்புட்டு ஆராய்ச்சியா? தாலிக் கொடியில கொக்கிதான முதல்ல நெளியணும். குண்டு நெளிஞ்சா எவன் கேப்பான்?" என்றார்.

நம் பக்கத்துக் கதை அமராவதியுடையது. 1790களில் குண்டூர்ப் பக்கத்து ஜமீன்தார் வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு புது ஊர் கட்டுவதற்குக் கல் வேண்டி ஒரு மேட்டைத் தோண்டினார். அது பௌத்த ஸ்தூபம். 1798இல் காலின் மெக்கன்சி வந்து பார்த்தார். 1816இல் திரும்ப வந்து வரைபடம் எடுப்பதற்குள் நிறைய கற்கள் போய்விட்டிருந்தன. 1845இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்தவை மதராஸுக்கு வந்தன. வந்து என்ன ஆயின? வெட்டவெளியில் கிடந்தன. 1859இல் 121 கற்களைக் கப்பலேற்றி லண்டன் அனுப்பினார்கள். அங்கேயும் கொஞ்ச காலம் கிடங்கிலும் வண்டிக் கொட்டகையிலும் கிடந்து, 1867 வாக்கில் ஜேம்ஸ் பெர்குசன் கண்ணில் பட்டதால்தான் பிழைத்தன. 1880இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. படிக்கட்டுச் சுவர், அப்புறம் வேறு இடம் என்று அலைந்து, 1992இல்தான் அவற்றுக்கென்று ஈரமும் வெப்பமும் கட்டுப்படுத்திய தனி அரங்கம் வந்தது.

மதராஸில் தங்கிய கற்களையும், பின்னால் வந்தவற்றையும், எழும்பூர் அருங்காட்சியகத்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுவரோடு சேர்த்துச் சிமெண்டில் பதித்தார்கள். அப்போது சிமெண்டும் புதுசு. இரும்பைப் போலத்தான், புதுசாக இருப்பதாலேயே நம்பினார்கள். அமராவதிக் கல்லைப் பளிங்கு என்று எழுதிவந்தாலும் அது பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல். சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் சுவரில் உப்புப் பூப்பதைப் பார்க்காதவர் யார்? சிமெண்ட் உப்பைக் கொடுக்கும், ஈரம் அதைக் கல்லுக்குள் கொண்டுபோகும், காயும்போது உப்புப் படிகமாகிக் கல்லின் தோலை உரிக்கும். கல் தாமரையின் இதழ்கள் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் கொஞ்சம் மழுங்கும். பதித்துவிட்டதால் பின்பக்கத்தையும் யாரும் பார்க்க முடியாது. அமராவதியில் பழைய சிற்பத்தைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் சில நூற்றாண்டு கழித்துப் புதிய சிற்பம் செதுக்கியிருக்கிறார்கள். லண்டனில் உள்ள கற்களில் அப்படி இருபக்கமும் செதுக்கிய ஒன்று உண்டு, சுற்றிவந்து பார்க்கலாம். சுவரில் பதித்த கல்லுக்கு முதுகு கிடையாது.

எடுத்துவிடலாமே என்றால், கல்லைவிடச் சிமெண்ட் கெட்டி. உளி வைத்தால் எது உடையும் என்று சொல்ல வேண்டியதில்லை. திரும்ப எடுக்க முடியாத தாங்கியைச் செய்தவர்கள் எல்லோரும் அதை நிரந்தரமான பாதுகாப்பு என்று நம்பித்தான் செய்தார்கள்.

இனி என் கதை. சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன்.

நான்காவது வருடம், ஒரு கண்காட்சிக்காக வெள்ளிச் சிமிழ் ஒன்று என்னிடம் வந்தது. கைக்குள் அடங்கும் அளவு. மூடியில் கொடிவேலை, அதன்மேல் தங்க முலாம், அடியில் உடைமைக்காரரின் பெயர் மெல்லிய கோட்டில் வெட்டியிருந்தது. மூடியைத் திறந்து சாய்த்து வைக்க அருமையான தாங்கி செய்தேன். பத்தரே இரண்டு தடவை சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார். வெள்ளி நேராகப் பித்தளையில் உரசக் கூடாது என்று விரல்களுக்குள்ளே கம்பளித் துணி ஒட்டினேன். நல்ல தடித்த ஃபெல்ட், பச்சை நிறம், வேறு வேலையில் மிஞ்சியது. பேழையின் தரைக்கும் அதையே விரித்தேன். பத்தர் துணியைத் தொட்டுப் பார்த்து, "இது வேணாம் தம்பி. பருத்தி போடு. நாங்க வெள்ளிய ரோஸ் காயிதத்துலதான் சுத்துவோம், கம்பளில வைக்கமாட்டோம்" என்றார். ஏன் என்று கேட்டேன். "ஏன்னு எனக்கென்ன தெரியும். வைக்கமாட்டோம்."

காரணம் தெரியாத பேச்சை வேதியியல் படித்தவன் எதற்குக் கேட்க வேண்டும்? பேழையைக் கண்ணாடியால் நன்றாக மூடினோம். தூசி போகாத அளவுக்கு இறுக்கமாக.

ஏழு மாதம் கழித்துத் திறந்தபோது சிமிழ் கறுத்திருந்தது. மேலே லேசான பழுப்பு, கீழே வர வர ஊதா, ஃபெல்ட் பட்ட இடங்களில் கரி. மூன்று விரல்களின் அச்சு அப்படியே விழுந்திருந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது முதலாண்டுப் பாடம். ஆட்டு மயிர் கெராட்டின் என்ற புரதம், அதில் கந்தகம் உண்டு. வெளிச்சம் படப்பட அந்தக் கந்தகம் வாயுவாக வெளியேறும், வெள்ளியோடு சேர்ந்து கறுப்பாகும். மூடிய பெட்டிக்குள் அதற்குப் போக வேறு இடமும் இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தது பரீட்சைத் தாளோடு போயிருந்தது. பத்தருக்குக் காரணம் தெரியாது, ஆனால் கையில் இருந்தது.

கறுப்பை எடுக்கலாம். ஆனால் அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து படிந்த அழுக்கு அல்ல, வெள்ளியேதான் அப்படி மாறியிருக்கிறது. தேய்த்தால் அந்த அளவு வெள்ளி போகும். பாதுகாப்புப் பிரிவில் எவ்வளவோ பக்குவமாகத்தான் செய்தார்கள். முலாம் ஏற்கெனவே மெலிந்திருந்த இரண்டு இலைகளில் தங்கம் போய்விட்டது. அடியில் இருந்த பெயரின் கடைசி எழுத்து, சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது. எந்தப் புகைப்படத்தையும் முந்தைய புகைப்படத்தோடு வைத்துப் பார்த்தால் ஒழிய யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் ஆடி சோதனையைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். நம் ஆடி மாதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வாளர் ஆண்ட்ரூ ஆடி 1973இல் வெளியிட்ட முறை. பேழைக்குள் வைக்கப்போகும் துணி, பலகை, பசை, வர்ணம் எதுவானாலும் ஒரு சிறு துண்டைக் கண்ணாடிக் குப்பியில் போடு. கூடவே கொஞ்சம் தண்ணீர், மெருகேற்றிய உலோகத் தகடு ஒன்று. வெள்ளி, செம்பு, ஈயம் என மூன்று உலோகத்துக்கும் சோதிக்க வேண்டும். மூடி, 60 டிகிரியில் 28 நாள் வை. பிறகு எடுத்துப் பார். தகடு பளபளப்பாக இருந்தால் அந்தப் பொருளை நம்பலாம். கம்பளி வெள்ளியைக் கறுக்கும், ஓக் மரம் ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும், ரப்பர் ஒன்றையும் விட்டுவைக்காது. இதற்கும் முன்னால், 1899இல் லோஃப்டஸ் பைன் என்ற ஆங்கிலேயச் சங்கு சேகரிப்பாளர், மர இழுப்பறைகளில் வைத்த கிளிஞ்சல்கள்மேல் உப்பு மாதிரி வெள்ளை பூத்து அரித்துப்போவதை எழுதிவைத்தார். பைன் நோய் என்றே அதற்குப் பெயராகிவிட்டது. நோயெல்லாம் இல்லை, மரம் விடும் அமிலம். அழகான ஓக் பெட்டி வாங்கிப் பத்திரமாக வைத்தவர்களின் சங்குகள்தான் முதலில் போயின.

இப்போது எங்கள் பட்டறையில் ஒரு சிறிய அடுப்பில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு குப்பிகள் இருக்கும். கடையில் ஒரே பெயரில் விற்கும் ஃபோம், அடுத்த முறை வாங்கும்போது வேறு கம்பெனியாக இருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் 28 நாள். கண்காட்சி நெருங்கும்போது அதிகாரிகளுக்கு இந்த 28 நாள் பிடிக்காது. பத்தர் ஓய்வுபெறும்வரை தகடுகளை மெருகேற்றித் தந்தது அவர்தான், அதை வேறு யாரிடமும் விடமாட்டார்.

நிலம் ஆடினால் என்ன செய்வது என்பது தனிக் கதை. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் புஜ் நகரின் கச்சு அருங்காட்சியகம் சேதமானது. கலிஃபோர்னியாவின் கெட்டி அருங்காட்சியகத்தில் கனத்த சிலைகளுக்குக் கீழே தரையிலிருந்து பிரிந்து நகரும் அடித்தளம் வைக்கிறார்கள். பூமி ஒரு பக்கம் ஓடினால் அடித்தளம் வழுக்கிக் கொடுத்து, ஸ்பிரிங் மெதுவாகத் திரும்பக் கொண்டுவரும். அந்த அளவுக்குப் பணம் இல்லாத இடத்தில் ஜாடிக்குள் மணல் பை வைத்து எடையைக் கீழே இறக்கலாம், மெல்லிய நைலான் நரம்பால் கட்டலாம். நாங்கள் இரண்டாவது வகை.

பத்தரின் கடைசி வாரம் ஒரு சோழர் காலத்துச் செப்புத் திருமேனிக்குத் தாங்கி செய்ய வேண்டியிருந்தது. அம்மன், இரண்டடி உயரம். நான் இடுப்புக்குப் பின்னால் ஒரு விரல், தோளுக்கு ஒரு விரல் என்று வரைந்து வைத்திருந்தேன். அவர் தாளைப் பார்க்காமல் சிலையின் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் வளையங்கள். வீதியுலாவுக்குத் தண்டு கோக்க வார்ப்பிலேயே வைத்தவை. ஆயிரம் வருடத்துக்கு முன் வார்த்தவருக்கு, இந்த அம்மன் மேடு பள்ளத் தெருவில் ஆட்களின் தோளில் குலுங்கிக்கொண்டு போகப்போகிறாள் என்று தெரியும். எந்த இடத்தில் பிடித்தால் உடம்பில் பளு ஏறாது என்று யோசித்துத்தான் அந்த வளையத்தை வைத்திருக்கிறார்.

"நீ எதுக்குத் தம்பி தோள்ல கை வைக்கிற?" என்றார் பத்தர். "பாதந்தாங்கி எங்க புடிக்கணும்னு அவரே காட்டிட்டுப் போயிருக்காரு."

வரைந்த தாளைக் கிழித்துப் போட்டேன். பீடத்தைச் சுற்றி ஒரு பித்தளைச் சட்டம், இரண்டு வளையங்களுக்குள் உறை போட்ட இரண்டு முளைகள். உறைக்கு எடுத்த பாலிஎத்திலீன் குழாய் குப்பியில் இருந்தது, இன்னும் ஒன்பது நாள் பாக்கி. அவருடைய ஓய்வு ஐந்தாம் நாள். காத்திருந்தோம். ஒன்பதாம் நாள் காலை அவர் சட்டை மட்டும் மாறி, பார்வையாளர் டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். மூன்று தகடுகளையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாட்டு" என்றார்.